டிக்கெட் இல்லாத சிம்பொனி: ஒரு சமூக ஆர்கெஸ்ட்ராவின் பருவம் எப்படி உருவாகிறது

அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊராக இருந்தால் அங்கே ஒரு சமூக ஆர்கெஸ்ட்ரா இருக்க வாய்ப்பு அதிகம். பல் மருத்துவர், கணக்கு ஆசிரியர், மென்பொருள்காரர், பணி ஓய்வு பெற்றவர் என்று அறுபது எழுபது பேர் வாரத்துக்கு ஒரு மாலை பள்ளிக்கூட அரங்கில் கூடி ஷூபர்ட்டும் பீத்தோவனும் வாசிப்பார்கள். சம்பளம் கிடையாது, பல குழுக்களில் வாசிப்பவர்களே சந்தா கட்டுகிறார்கள். கோடை முடியும் தறுவாயில் அடுத்த பருவத்துக்கான அறிவிப்பு வரும். அக்டோபரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, ஜூனில் பூங்காவில் ஒன்று. அனுமதி இலவசம்.

அறிவிப்பைப் படிப்பவருக்கு, இசை நடத்துநர் தமக்குப் பிடித்ததை வரிசைப்படுத்தியிருக்கிறார் என்று தோன்றும். அவருடைய ரசனைக்குக் கிடைக்கும் இடம் உண்மையில் கொஞ்சம்தான். எந்தக் கருவிக்கு ஆள் இருக்கிறது, இசைத்தாள் எங்கிருந்து வரும், ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம், மேடை எவ்வளவு பெரியது என்பவை முதலில் முடிவாகின்றன. அவை விட்டுவைத்த இடத்தில்தான் ரசனை. டிக்கெட் வருமானம் இல்லை என்றால் இந்த நான்கும் இன்னும் இறுகும். இது தெரிந்துவிட்டால், பருவ அறிவிப்பைப் பார்த்ததுமே ஏன் இந்தப் படைப்பு, ஏன் அது இல்லை என்று ஊகித்துவிடலாம்.

இலவசத்துக்குப் பணம் கொடுப்பது யார்

இலவச ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1905-இல் எல்கன் நாம்பர்க் என்ற வங்கியாளர் தொடங்கிவைத்த கச்சேரிகள் இன்றும் நடக்கின்றன. அங்குள்ள கல் மேடையை 1923-இல் நகருக்குக் கொடுத்ததும் அவரே. பாஸ்டனில் ஆர்தர் ஃபீட்லர் என்ற இசை நடத்துநர் 1929-இல் சார்ல்ஸ் நதிக்கரையில் இலவசக் கச்சேரிகளை ஆரம்பித்தார். இவை தனி மனிதர்களின் கொடையாலும் முனைப்பாலும் நடந்தவை.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது கதை மாறியது. பேசும் படம் வந்ததால் திரையரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏற்கெனவே வேலை போயிருந்தது. 1935-இல் மத்திய அரசு ஃபெடரல் மியூசிக் ப்ராஜெக்ட் என்ற திட்டத்தின் கீழ் வேலையற்ற இசைக்கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மக்களுக்கு இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ வாசிக்கவைத்தது. அதே ஆண்டு சிகாகோவில் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ நகரப் பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து கிராண்ட் பார்க்கில் இலவசக் கச்சேரிகளைத் தொடங்கினார். அந்த விழா இன்றும் உண்டு. 2004-இலிருந்து கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் பெவிலியன் என்ற திறந்தவெளி மேடையில் நடக்கிறது.

இந்தப் பெட்ரில்லோதான் 1942 ஆகஸ்டில் நாடு முழுவதும் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தியவர். இசைத்தட்டு நேரடி வாசிப்பைத் தின்கிறது, ஆகவே விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று கொடுங்கள் என்பது வாதம். பெரிய நிறுவனங்கள் 1944 இறுதியில்தான் இறங்கிவந்தன. வசூலான பணம் சங்கத்தின் கைக்கே போவதை 1947-இன் தொழிலாளர் சட்டம் தடுத்தது. மறுபடி ஒரு நிறுத்தம், மறுபடி பேச்சு. கடைசியில் 1948-இல் சுதந்திரமான அறங்காவலரின் கீழ் மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் டிரஸ்ட் ஃபண்ட் உருவானது. பதிவு நிறுவனங்களின் பணம் இதில் சேர்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி இலவசமாக இருக்கும் நேரடி நிகழ்ச்சிகளில் வாசிப்பவர்களின் ஊதியத்துக்குப் போகிறது. ஊர்ப் பூங்காக் கச்சேரியின் நிகழ்ச்சித் தாளில் அடியில் சிறிய எழுத்தில் இந்த நிதியின் பெயரைக் கண்டால், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் இருக்கிறது என்று அர்த்தம்.

சமூக ஆர்கெஸ்ட்ராவின் சாதாரண வரவு செலவு இவ்வளவு சுவாரசியமானதல்ல. வரவில் உறுப்பினர் சந்தா, நன்கொடை, உள்ளூர்க் கலை மன்றத்தின் மானியம், நிகழ்ச்சித் தாளில் வரும் விளம்பரம். செலவில் முதலில் நிற்பது நடத்துநரின் ஊதியம். பிறகு அரங்க வாடகை, காப்பீடு, இசைத்தாள், டிம்பனி என்ற பெரிய முரசுகளை ஏற்றிவரும் வண்டி, ஆள் இல்லாத இடத்துக்குக் கூலிக்கு வரும் கலைஞர்கள். இவர்களை ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ‘ரிங்கர்’ என்பார்கள். ரிங்கர் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்பதே ஒரு படைப்பை நிகழ்ச்சியில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பல சமயம் முடிவு செய்துவிடுகிறது.

ஆள் கணக்கு

ஒவ்வொரு படைப்புக்கும் எந்தக் காற்றுக்கருவி எத்தனை என்பதை எண்களாலேயே எழுதும் வழக்கம் உண்டு. 2-2-2-2 என்றால் ஃபுளூட், ஓபோ, கிளாரினெட், பசூன் ஒவ்வொன்றிலும் இரண்டு. அடுத்து வரும் 4-2-3-1 என்பது ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிராம்போன் மூன்று, டியூபா ஒன்று. இந்த எட்டு எண்களோடு டிம்பனி, தாளக் கருவிகள், ஹார்ப் தேவையா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் நிகழ்ச்சிக் குழு பேசவே ஆரம்பிக்கும்.

வயலின் போன்ற தந்திக் கருவிகளில் ஒரே பார்ட்டை, அதாவது ஒரு கருவிக்கான வரி மட்டும் உள்ள தாளை, பலர் வாசிப்பதால் ஆள் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம். முதல் வயலின் 10, இரண்டாம் வயலின் 9, வயோலா 5, செல்லோ 7, டபுள் பேஸ் 3 என்றால் நல்ல சமூக ஆர்கெஸ்ட்ரா. இதில் எப்போதும் தட்டுப்பாடு வயோலாவுக்கு. குழந்தைகளை வயலினில்தான் முதலில் சேர்க்கிறார்கள். தாளில் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி வயோலாவுக்குத் தனி, ‘ஆல்டோ கிளெஃப்’ என்பதால் பின்னால் மாறுகிறவர்கள் குறைவு. இரண்டாம் வயலினிலிருந்து இரண்டு பேரைப் பேசிச் சரிக்கட்டி வயோலாவுக்கு அனுப்புவது வழக்கமான தீர்வு. கைக்குப் பழகச் சில வாரம், தாளைத் தயங்காமல் படிக்கச் சில மாதம் பிடிக்கும்.

காற்றுக்கருவிகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு பார்ட்டுக்கு ஒரே ஆள். பள்ளி பேண்டுகள் ஃபுளூட்டும் கிளாரினெட்டும் ஏராளமாக உருவாக்குகின்றன. ஓபோவும் பசூனும் அபூர்வம். பசூன் விலை பல ஆயிரம் டாலர், அதன் நாணலைச் செதுக்கி உயிரோடு வைத்திருப்பது தனி வேலை. ஆகவே இரண்டு ஃபுளூட் இடத்துக்குப் பலர் வரிசையில் நிற்க, இரண்டாம் பசூன் நாற்காலி பருவம் முழுக்கக் காலியாகவே கிடக்கும். அந்த வரியை பேஸ் கிளாரினெட்டில் வாசிக்கவைப்பது உண்டு. உயர் சுரங்களில் நிறம் மாறினாலும் இசைவு குலையாது.

அடுத்த சிக்கல், இருப்பவர்களுக்கு வேலை கொடுப்பது. சந்தா கட்டி வாராவாரம் வரும் மூன்று டிராம்போன்காரர்களை வைத்துக்கொண்டு மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனியைப் போட்டால் அவர்களோடு டிரம்பெட்டும் டிம்பனியும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்தச் சிம்பொனியில் அவை எதற்குமே இடமில்லை. பீத்தோவனின் ஐந்தாவதில் டிராம்போன், பிக்கலோ, கான்ட்ராபசூன் மூன்றும் கடைசிப் பகுதியில்தான் வாயெடுக்கும். துவோர்ஷாக்கின் ஒன்பதாவதில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சுரங்கள். சிம்பலுக்கு நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு தட்டு, அதுவும் மெல்லத்தான். தொழில்முறைக் குழுவில் இது சம்பளத்துக்கு உட்பட்ட வேலை. இங்கேயோ வேலை முடிந்து நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறவரிடம் எண்ணிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு கச்சேரியிலும் எங்கோ ஓர் இடத்தில் டிராம்போன் உள்ள படைப்பு ஒன்று நுழைந்திருக்கும். நல்ல நிகழ்ச்சிக் குழுவை இதை வைத்தே அடையாளம் காணலாம்.

ஆள் இருந்தும் இடறுகிற இடங்களும் உண்டு. கிளாரினெட் பார்ட் ஏ சுருதிக் கருவிக்கு எழுதப்பட்டிருக்கும். வாசிப்பவரிடம் பி ஃபிளாட் சுருதிக் கருவி மட்டும் இருக்கும். ஒவ்வொரு சுரத்தையும் அரைச் சுரம் கீழே மாற்றி வாசிக்க வேண்டும், விரலுக்குக் கடினமான ஸ்கேல்களில் போய் விழ வேண்டும். பழைய ஹார்ன் பார்ட்டுகள் ஈ, ஈ ஃபிளாட், டி என்று பல சுருதிகளுக்கு எழுதியவை. இன்றைய ஹார்ன் எஃப்-இல் இருக்கிறது. ஷூபர்ட்டும் பிராம்ஸும் முதல் டிராம்போனை ஆல்டோ கிளெஃபில் எழுதினார்கள். பேண்டில் வளர்ந்தவருக்கு பேஸ் கிளெஃப் தவிர வேறெதுவும் பழக்கமிருக்காது. முதல் ஒத்திகைக்கு மூன்று வாரம் முன்பே தாள் கைக்குப் போனால் இதெல்லாம் பிரச்சினையே அல்ல. ஒத்திகை அன்று மாலை கொடுத்தால் அந்த மாலை போயிற்று.

இசைத்தாளும் சட்டமும்

காப்புரிமை முடிந்த படைப்புக்குப் பார்ட் இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று மறுபதிப்பு வாங்குவது. இன்னொன்று 2006-இல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்திலிருந்து இறக்கி அச்சிடுவது. வியன்னாவின் ஒரு பெரிய பதிப்பகம் அனுப்பிய கடிதத்தால் 2007 அக்டோபரில் இந்த நூலகம் மூடப்பட்டு, 2008 ஜூனில்தான் மறுபடி திறந்தது. இன்று சமூக ஆர்கெஸ்ட்ராக்கள் அது இல்லாமல் இயங்குவது கடினம்.

இறக்கி அச்சிடுவது இலவசம் என்றாலும் உழைப்பு உண்டு. ஆர்கெஸ்ட்ரா பார்ட் பொதுவாக 9-க்கு 12 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். அதைச் சாதாரண அலுவலகத் தாளில் சுருக்கினால் இரண்டு பேர் ஒரு ஸ்டாண்டைப் பகிரும் தந்திப் பிரிவில் யாருக்கும் கண் எட்டாது. பக்கம் திருப்பும் இடமும் முக்கியம். மூலப் பதிப்பில் ஓய்வுச் சுரம் வரும் இடமாகப் பார்த்துப் பக்கத்தை முடித்திருப்பார்கள். ஒரு பக்கம் மாறி அச்சானால் அந்த ஏற்பாடே கெடும். ஸ்டாண்டில் உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் திருப்ப, வெளிப்பக்கத்தவர் தொடர்ந்து வாசிப்பது மரபு.

இதைவிட மோசமானது பதிப்புக் குழப்பம். நடத்துநர் கையில் ஜோனதன் டெல் மார் பதிப்பித்து பேரன்ரைட்டர் வெளியிட்ட புதிய பீத்தோவன் ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் வரியும் உள்ள முழுத் தாள். வாசிப்பவர்கள் முன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரைட்கோஃப் பதிப்பின் மறு அச்சு. அவர் 196-ஆம் அளவையிலிருந்து (‘பார்’) என்பார். பழைய பார்ட்டில் எண்ணே இருக்காது, எழுத்துக் குறிதான் இருக்கும். ஒரே இடத்தில் சிலருக்குச் சுரங்களை வெட்டி வாசிக்கச் சொல்லும் ஸ்டக்காட்டோ, சிலருக்குச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் இணைப்புக் கோடு. யார் பிழை என்று விவாதித்தே கால் மணி நேரம் கரையும். மருந்து ஒன்றே: ஸ்கோரும் பார்ட்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் நூலகப் பொறுப்பாளர் உட்கார்ந்து எல்லாப் பார்ட்டிலும் அளவை எண்களைக் கையால் எழுதிவிட வேண்டும்.

காப்புரிமை உள்ள படைப்புக்குப் பல சமயம் பார்ட் விற்பனைக்கே கிடையாது, வாடகைதான். ஒரு படைப்புக்கே சில நூறு டாலர் ஆகிவிடலாம். பென்சில் தவிர எதனாலும் எழுதக்கூடாது. திருப்பி அனுப்பத் தாமதித்தால் அபராதம். குழந்தைகள் கச்சேரியில் எல்லோரும் கேட்கும் புரோக்கோஃபியெவின் ‘பீட்டரும் ஓநாயும்’ இதற்கு எடுப்பான உதாரணம். 1936-இல் எழுதப்பட்ட இந்தப் படைப்பு அமெரிக்காவில் நெடுங்காலம் யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. 1994-இல் வந்த சட்டம் வெளிநாட்டுப் படைப்புகள் பலவற்றுக்குக் காப்புரிமையை மீட்டுக்கொடுத்தது. எங்கள் கையில் இருந்ததைப் பறிக்கலாமா என்று லாரன்ஸ் கோலன் என்ற இசை நடத்துநரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் 6-க்கு 2 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. இந்தியாவில் படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1953-இல் இறந்த புரோக்கோஃபியெவின் இசை 2014 தொடக்கத்திலேயே இந்தியாவில் காப்புரிமையிலிருந்து விடுபட்டுவிட்டது. 1957-இல் இறந்த சிபேலியஸ் 2018-இல். ஐரோப்பாவிலும் இலங்கையிலும் 70 ஆண்டு என்பதால் சிபேலியஸ் அங்கே 2028 வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1929-இல் அச்சான ராவெலின் ‘பொலேரோ’ 2025 ஜனவரி 1 அன்று விடுபட்டது. சென்னையிலோ கோவையிலோ ஒரு குழு நிகழ்ச்சி அமைப்பதானால், அமெரிக்க அறிவிப்பைப் பார்த்து அப்படியே நகலெடுக்காமல் இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

அனுமதி இலவசமாக இருப்பதால் சட்டத்தில் ஒரு சலுகையும் கிடைக்கிறது. நுழைவுக் கட்டணமும் இல்லாமல், வாசிப்பவருக்கும் ஏற்பாடு செய்பவருக்கும் நிகழ்ச்சிக்கென்று ஊதியமும் இல்லாமல், வணிக நோக்கமின்றி நடத்தினால் காப்புரிமை உள்ள இசையையும் நிகழ்த்த அமெரிக்கச் சட்டத்தின் 110(4)-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டு ரிங்கருக்குக் கச்சேரிக்கென்று பணம் கொடுத்தாலே அந்தச் சலுகை ஆட்டம் காணும். இந்தியச் சட்டத்தின் 52(1)(எல்) இன்னும் எளிமையானது: அமெச்சூர் மன்றமோ சங்கமோ, கட்டணம் செலுத்தாத அவையின் முன் நிகழ்த்தினால் அது மீறல் அல்ல. இரண்டு நாட்டிலும் இது நிகழ்த்தும் உரிமைக்கு மட்டுந்தான். பார்ட்டை நகலெடுக்க இது அனுமதி ஆகாது, வாடகையும் குறையாது. இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே செட்டை வாங்கிப் பத்து நகல் எடுத்துவிட்டுச் சட்டம் தங்கள் பக்கம் என்று நம்பும் குழுக்கள் உண்டு.

ஒரு மாதிரிப் பருவம்

இதையெல்லாம் வைத்து ஒரு பருவத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

அக்டோபரில் பீத்தோவனின் ‘எக்மான்ட்’ முன்னிசை, மெண்டல்சோனின் வயலின் கான்செர்டோ, ஷூபர்ட்டின் ‘முடிவுறாத’ சிம்பொனி. கால அளவு முறையே ஒன்பது, இருபத்தேழு, இருபத்தைந்து நிமிடம். முன்னிசையில் நான்கு ஹார்னுக்கும் வேலை. சிம்பொனியில் மூன்று டிராம்போன்களுக்கும். கான்செர்டோவில் தனி வயலினுக்கு ஊர்ப் போட்டியில் வென்ற மாணவர் ஒருவர். ‘முடிவுறாத’ சிம்பொனி இரண்டே பகுதி, வேகமும் அதிகமில்லை என்பதால் எளிது என்று நினைத்துப் பலர் எடுப்பார்கள். தொடக்கத்திலேயே செல்லோவும் பேஸும் மிக மெல்லிய குரலில், துணையின்றி, ஒரே சுருதியில் வாசிக்க வேண்டும். வேகமான இடத்தில் மறைந்துபோகும் சுருதிப் பிசகு இங்கே அம்பலமாகும். எங்கள் கணிப்பில் இது பீத்தோவனின் ஏழாவதைவிடக் கடினம்.

டிசம்பரில் சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ தொகுப்பு இல்லாமல் அமெரிக்க ஊர்களில் தப்ப முடியாது. மூன்று ஃபுளூட், காரங்லே என்ற ஓபோ வகைக் கருவி, பேஸ் கிளாரினெட், ஹார்ப், மணி போல ஒலிக்கும் விசைப்பலகைக் கருவியான செலஸ்டா எல்லாம் கேட்கும். செலஸ்டாவுக்குப் பதில் எலக்ட்ரானிக் கீபோர்டு வைப்பது நடைமுறை. செலஸ்டா எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் கருவி. கீபோர்டை அப்படி மாற்றி வைக்காமல் வாசித்தால் தொகுப்பில் வரும் சர்க்கரைத் தேவதையின் நடனம் மந்தமாகப் போகும். கீபோர்டின் சுருதியையும் ஓபோ கொடுக்கும் ஏ சுரத்தோடு முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆர்கெஸ்ட்ரா நகர்ந்து கொடுக்கும், கீபோர்டு கொடுக்காது. இதோடு தந்திக் கருவிகளுக்கு மட்டும் ஹோல்ஸ்டின் ‘செயின்ட் பால்ஸ்’ தொகுப்பு. ஹோல்ஸ்ட் தாம் கற்பித்த பெண்கள் பள்ளியின் ஆர்கெஸ்ட்ராவுக்காகவே எழுதியது. கற்றுக்குட்டிகளின் கை எதுவரை போகும் என்று தெரிந்தவரின் இசை.

மார்ச்சில் குழந்தைகளுக்கு ‘பீட்டரும் ஓநாயும்’. ஃபுளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், டிரம்பெட், டிராம்போன் ஒவ்வொன்று, ஹார்ன் மூன்று, டிம்பனி, தாளக் கருவிகள், தந்திப் பிரிவு போதும். சிறிய குழு என்பதால் கூடவே அதேபோல் சிறிய ஷூபர்ட்டின் ஐந்தாவது. அதில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் டிம்பனியும் கிடையாது. 1816-இல் ஒட்டோ ஹாட்விக் என்ற வயலின்காரரின் வியன்னா வீட்டில் கூடிய அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுக்காக ஷூபர்ட் எழுதியது, அவரே அதில் வயோலா வாசித்தார். சமூக ஆர்கெஸ்ட்ராவுக்கு இதைவிடச் சொந்தமான சிம்பொனி வேறில்லை.

ஒத்திகைக் கணக்கு இப்படி: ஒன்பது வாரம், வாரம் இரண்டரை மணி நேரம். இடைவேளை, சுருதி சேர்ப்பது, அறிவிப்பு எல்லாம் போக இரண்டு மணி தேறும். மொத்தம் பதினெட்டு மணி, அதோடு இறுதி ஒத்திகை. தொழில்முறைக் குழு மூன்று நான்கு ஒத்திகையில் முடிப்பதை வைத்துப் பார்த்தால் தாராளம் போலத் தோன்றும். ஆனால் எந்த மாலையும் எல்லோரும் வருவதில்லை. போன வாரம் திருத்திய இடத்தை இந்த வாரம் வந்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். கூலிக்கு வரும் ரிங்கர் கடைசி ஒன்றிரண்டுக்குத்தான் வருவார். முழு ஆர்கெஸ்ட்ரா முதன்முதலாக ஒன்றாக ஒலிப்பதே இறுதி ஒத்திகையில் என்பது சாதாரணம். போதாத ஒத்திகை பெரிய இடத்துக்கும் புதிதல்ல. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி அரங்கேறிய அதே நான்கு மணி நேரக் கச்சேரியில், கடைசி உருப்படி நடுவில் சிதறி நின்றுபோய் மறுபடி ஆரம்பித்தார்கள்.

நேரம் எங்கே போகிறது என்பது நிமிடக் கணக்கில் தெரியாது. மொசார்ட்டின் ‘ஃபிகாரோ’ முன்னிசை நாலே நிமிடம். இரண்டாம் வயலின்காரர்களின் விரல்கள் அதில் ஓடி முடிக்க நான்கு வாரம் வேண்டும். வில்லின் போக்கு முன்பே குறிக்கப்படாவிட்டால் பத்து வில்லும் பத்துத் திசையில் போகும். பிரிவுத் தலைவர் குறித்து எல்லாப் பிரதியிலும் ஏற்றிவிட்டுத்தான் முதல் ஒத்திகையைத் தொடங்க வேண்டும். டிராம்போன்காரர்களை எட்டரை மணிக்கு வரச் சொல்லி, அவர்கள் உள்ள பகுதியை அப்போது எடுப்பது சின்ன மரியாதை. அடுத்த பருவத்துக்கும் அவர்கள் வருவது பெரும்பாலும் அதில் அடங்கியிருக்கிறது.

அரங்கமும் பூங்காவும்

இலவசக் கச்சேரிக்கு வாய்ப்பது பெரும்பாலும் தேவாலயமும் பள்ளி அரங்கமும். கல் தேவாலயத்தில் ஒலி மூன்று நான்கு விநாடி நின்று தேயும். ‘முடிவுறாத’ சிம்பொனி அங்கே அழகாகும், ‘ஃபிகாரோ’ குழம்பாகிவிடும். பள்ளி அரங்கம் நேர் எதிர்: திரைச்சீலையும் தாழ்ந்த கூரையும் ஒலியை விழுங்கும், ஒவ்வொரு பிசிறும் கேட்கும். மேடைப் பரப்புக்கு ஒரு கணக்கு உண்டு. வயலின்காரருக்கு 1.25 சதுர மீட்டர், செல்லோவுக்கு 1.5, டபுள் பேஸுக்கு 1.8, டிம்பனிக்கு 10. தேவாலயப் பீடத்துக்கு முன்னால் இவ்வளவு இடம் இருக்காது. அப்போது டிரம்பெட்டுக்கு நேர் முன்னால் வயோலா உட்கார நேரும். ஏற்கெனவே ஐந்தே பேர், அவர்கள் சத்தமும் போய்விடும்.

பூங்காவில் வேறு தொல்லை. வெப்பம் ஏறினால் காற்றுக்கருவிகளின் சுருதி ஏறும். தந்தி தளர்ந்து வயலின் இறங்கும். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடானால் அரைச் சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு ஏறும் என்பது இயற்பியல். பத்து டிகிரி வித்தியாசத்துக்கு இரண்டு பிரிவும் இரண்டு ஊரில் நிற்கும். இரண்டு மூன்று உருப்படிக்கு ஒருமுறை சுருதி சேர்ப்பது தவிர வழியில்லை. கருங்காலி வகை மரத்தில் செய்த கிளாரினெட்டும் ஓபோவும் நேர் வெயிலில் வெடிக்கும் என்பதால் பலர் அன்று பிளாஸ்டிக் கருவி எடுத்துவருவார்கள். தாள் பறக்காமலிருக்கத் துணி கிளிப், ஸ்டாண்டுக்கு நான்கு. மறையும் சூரியன் வாசிப்பவர் கண்ணில் விழாதபடி மேடையின் திசை. மழைத்துளி விழுந்தால் தந்திப் பிரிவு உடனே எழுந்துவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது.

நிகழ்ச்சியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். துவோர்ஷாக்கின் ஒன்பதாவதில், ‘லார்கோ’ என்ற மெதுவான இரண்டாம் பகுதியில் வரும் காரங்லே தனிவாசிப்பு திறந்தவெளியில் மைக் இல்லாமல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. குட்டையான, பித்தளைக் கருவி மிகுந்த உருப்படிகளே அங்கே நிற்கும். சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ முன்னிசை அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-இன் வழக்கமானதற்குக் காரணமும் அதுவே. 1974-இல் பாஸ்டனில் ஃபீட்லர் பீரங்கியும் வாணவேடிக்கையும் சேர்த்து வாசித்த பிறகு நாடு முழுக்கப் பரவியது.

கேட்கவும் வாசிக்கவும் வருகிறவர்களுக்கு

இலவசக் கச்சேரிக்கு முன்பதிவு செய்தவர்களில் கணிசமானோர் வருவதில்லை, மறந்தாலும் இழப்பில்லையே. ஆகவே ஏற்பாட்டாளர்கள் இருக்கைக்கு மேல் பதிவு ஏற்று, தொடங்கப் பத்து நிமிடம் முன்பு காலி இடங்களைக் காத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். பதிவில் ‘நிரம்பிவிட்டது’ என்றிருந்தாலும் நேரில் போனால் இடம் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. மார்கழியில் சென்னை சபாக்களின் மதியக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டலாமா என்ற கவலை வேண்டாம். நடுவில் மௌனம் காக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் இறுகியது. பீத்தோவனின் ஏழாவது 1813-இல் அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லி அவையே கேட்டுப் பெற்றது.

வாசிக்க விரும்பும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. கர்நாடக வயலின் கற்றவருக்கு மூன்று இடத்தில் மாற்றம் வேண்டும். ஸ-ப-ஸ-ப என்று சேர்த்த தந்திகள் ஜி-டி-ஏ-ஈ ஆகும். கருவியின் தலையைக் காலில் ஊன்றித் தரையில் உட்காராமல் நாற்காலியில் தோளில் தாங்க வேண்டும். காதால் வாங்கியதை விட்டுத் தாளைப் படிக்க வேண்டும். முதல் இரண்டும் சில மாதத்தில் வந்துவிடும். மூன்றாவதுக்கு ஒரு வருடமாவது ஒதுக்குங்கள். பல குழுக்கள் தந்திப் பிரிவுக்குத் தேர்வே வைப்பதில்லை, காற்றுக்கருவிகளுக்கு மட்டும் வைப்பார்கள். கொழும்பில் 1958-இலிருந்து இயங்கும் இலங்கை சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவிலும் தொழில்முறைக் கலைஞர்களோடு வேறு வேலை பார்ப்பவர்கள் சேர்ந்துதான் வாசித்துவந்திருக்கிறார்கள். வயோலா, பசூன், டபுள் பேஸ் இவற்றில் ஒன்று கையில் இருந்தால் பருவத்தின் நடுவில் போய் நின்றாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஃபுளூட் என்றால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.